எண் போட்ட முருங்கை

செல்வியை நான் முதலில் பார்த்தது வவுனியாவில், எங்கள் அலுவலகச் சுவரில். பெங்களூரிலிருந்து அனுப்பிவைத்த வண்ணப் படம் அது. முருங்கை மரத்தடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பின்னால் பச்சைப் பசேலென்று வயல். படம் எடுப்பவன் சிரிக்கச் சொல்லிச் சிரித்த சிரிப்பாகத் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ பகிடி விட்டதற்குச் சிரித்தவள் போல இருந்தாள்.

சண்டை ஓய்ந்து, சனம் முகாம்களை விட்டுக் காடு மண்டிய காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பயிரோடு பயிராக மரமும் நடக் கொடுத்தால் கையில் கொஞ்சம் வருமானமும் பிள்ளைகளின் வயிற்றில் கொஞ்சம் சத்தும் சேரும் என்பது எங்கள் பணிப்பாளரின் திட்டம். பெங்களூரில் ஒரு நிறுவனம் இதையே செய்து வென்றிருக்கிறது, அந்தப் படமே அதற்கு ஆதாரம் என்று நம்பினார். "போய் அந்தப் பிள்ளையை நேரில பார்த்திட்டு வாரும். உண்மையெண்டால் இங்கயும் தொடங்குவம்" என்றார். எனக்குப் பயணம் என்றாலே பிடிக்காது. அது தெரிந்தும் என்னைத்தான் அனுப்பினார்.

பயிரோடு மரம் வளர்ப்பதற்கு அங்கே ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வளவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். கிணற்றடியில் வாழை, வேலியில் முருங்கை, மூலையில் பலா, வெயில் விழுகிற இடத்தில் கத்தரியும் மிளகாயும். இதைப் படிக்கவா விமானம் ஏறுகிறேன் என்ற எரிச்சல் கொழும்பு வரை கூடவே வந்தது. விமானத்தில் கொடுத்த உப்புமாவோடு அது இன்னும் கூடியது.

பெங்களூரில் என்னை அழைத்துப்போக வந்தவர் ஸ்டீபன். அந்த நிறுவனத்தின் கள அலுவலர், பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட ஒரு பத்து வயது இளையவர். எனக்கு அறை எடுத்துக் கொடுப்பதற்காக ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே நாடகம்தான். முதலில் "வாங்க சார்" என்று வரவேற்பார்கள். என் கடவுச்சீட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மாறும். "ரூம் ஃபுல் சார்." சொல்கிறவரின் தலைக்குப் பின்னால் எல்லாச் சாவியும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசி லாட்ஜில் நான் சாவிகளை விரலால் காட்டினேன். அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுவும் ஃபுல்" என்றார்.

"உடுங்க சார். சிலோன் பாஸ்போர்ட் பார்த்தாலே இவனுங்களுக்கு பேஜாரு. நாளைக்கு போலீஸ் வந்து கேப்பான்னு பயம்" என்றார் ஸ்டீபன். "பேசாம நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

அப்படித்தான் அந்த வாரம் முழுக்க அவருடைய முன்னறையில் படுத்தேன். அவருடைய மனைவி பிலோமினா பள்ளிக்கூட ஆசிரியை. என்னைப் பார்த்ததும் அண்ணா என்று கூப்பிட்டு, ஆட்டுக்கறிக் குழம்பும் ஆப்பமும் வைத்துவிட்டார். லாட்ஜ்காரர்களை அந்த நேரத்தில் மன்னித்துவிட்டேன். சோற்றுக்கு மனம் இளகுகிற ஆள் நான்.

மறுநாள் அலுவலகம். அதன் தலைவியை எல்லோரும் மேடம் என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். சுவரில் ஒரு பெரிய வரைபடம், அதில் மரக்கன்று கொடுத்த ஊர்களுக்கெல்லாம் பச்சைத் தலை ஊசி குத்தியிருந்தது. ஹெப்பகோடிக்கு அப்பால் ஓரிடத்தில் ஊசிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. செல்வி இருக்கிற ஊர் அது.

"போன வருஷம் வரைக்கும் இந்த ஊர்ல கெஞ்சினாலும் கன்னு வாங்க மாட்டாங்க. ராகிக்கு நிழல் விழும்பாங்க. இந்த வருஷம் பாருங்க, லோடு லோடா கேக்கறாங்க. எங்களால சப்ளை பண்ண முடியல" என்றார் மேடம். அவருடைய சந்தோஷம் நடிப்பல்ல. ஏன் இப்படித் திடீரென்று மாறினார்கள் என்று கேட்டேன். "விழிப்புணர்வு" என்றார். சூடாக மெதுவடை வந்தது. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

செல்வியின் கதையை அன்று மாலை ஸ்டீபன் சொன்னார். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கணவன் மாரிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் செக்யூரிட்டி வேலை. செல்வி ஒரு கௌடரின் நிலத்தை வாரத்துக்கு வாங்கி, விளைவதில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு ராகி போடுகிறாள். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப் பேச்சுத்தான். ஸ்டீபன் முதல் தடவை போனபோது அவளுடைய பெண்குழந்தை அம்மு எலும்பும் தோலுமாக இருந்ததாம். பிள்ளைகளின் புஜத்தைச் சுற்றி அளக்கிற நாடா ஒன்று இருக்கிறதே, அதில் சத்து மிகக் குறைவென்று சிவப்புக் காட்டியது. செல்வி வரப்பில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். குடிசை ஓரத்தில் பப்பாசி வைத்தாள். தினமும் ஒரு பிடி கீரை, ராகிக் கூழ், பழம். அடுத்த மழைக்குள் நாடா மஞ்சளுக்கு வந்தது, பிறகு பச்சைக்கு.

"ப்ராஜெக்ட்னா எல்லாம் சும்மான்னு நெனைச்சிட்டிருந்தேன் சார். அந்தப் பொண்ணு கை பச்சைக்கு வந்த அன்னிக்குத்தான் நம்பினேன்" என்றார் ஸ்டீபன். அன்றிரவு நானும் நம்பினேன். எதையும் லேசில் நம்பாத எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊருக்குப் போய்ச் சொல்ல நல்ல சேதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கன்றுகளை ஏற்றிக்கொண்டு போகிற டெம்போவிலேயே நாங்களும் தொற்றிக்கொண்டோம். ஓசூர் சாலையில் அன்று வண்டிகள் நகரவில்லை, ஊர்ந்தன. வலது பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், இடது பக்கம் கண்ணாடிக் கட்டடம் கட்டப் போகிற பள்ளங்கள். எங்கள் டெம்போ பாதி வழியில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓட்டுநர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கன்றுகளுக்கென்று கொண்டுவந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி ரேடியேட்டரில் ஊற்றினார். கன்றுகள் வெயிலில் தலை தொங்கிக் கிடந்தன. "பரவால்ல சார், போய்ச் சேர்ந்தா போதும்" என்றார் ஸ்டீபன்.

ஹெப்பகோடியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் நின்றிருந்தார்கள், பாதிப் பேர் தமிழ். எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு ஒருவன், "செடி வண்டி வந்துடுச்சுடா. யாரு நெலத்துக்கு?" என்றான். மற்றவன், "கௌடருக்குத்தான் இருக்கும். வியாழக்கெழம வர்றாங்களாமே" என்றான். யார் வருகிறார்கள் என்று ஸ்டீபனைக் கேட்டேன். டீ ஆறுகிறது என்றார்.

கௌடர் வாசலிலேயே நின்று வரவேற்றார். அறுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, கையில் கடிகாரம், நல்ல மரியாதையான மனிதர். தூரத்திலிருந்து வந்த விருந்தாளி என்று என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மறுவேலை. தட்டில் பெரிய ராகி உருண்டை, சுற்றிலும் கீரைச் சாறு. எங்கள் ஊர்க் குரக்கன்தான் இங்கே ராகி. நாங்கள் பிட்டாகவும் ரொட்டியாகவும் சாப்பிடுவதை இவர்கள் களியாக உருட்டுகிறார்கள். நான் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். அது பல்லில் அப்பிக்கொண்டது. வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் சிரித்தார்கள். "மெல்லக் கூடாது. சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும்" என்று கௌடர் கன்னடத்தில் சொன்னதை ஸ்டீபன் தமிழில் சொன்னார். விழுங்கிப் பார்த்தேன். நன்றாக இறங்கியது. சாறு என்ன கீரை என்று கேட்டேன். முருங்கை என்றார்கள். செல்வி வாரந்தோறும் கொண்டுவந்து கொடுப்பாளாம்.

பிறகு வயலுக்குப் போனோம்.

படத்தில் பார்த்த முருங்கையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டேன். படத்தில் இருந்ததைவிட உயர்ந்துவிட்டது. ராகி தொடையளவு நின்றது, கதிர்கள் விரல் மடக்கிய கைகள் போலத் திரண்டிருந்தன. ஒரு கதிரை நசுக்கினேன், பால் வந்தது. அந்த ராகிக்குள் கூலியாட்கள் வரிசை வரிசையாகக் குழி வெட்டிக்கொண்டு நின்றார்கள். குழிக்கும் குழிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. எங்கள் டெம்போவிலிருந்து இறங்கிய மாங்கன்றுகளையும் சப்போட்டாக் கன்றுகளையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் நடந்த இடமெல்லாம் ராகி சாய்ந்து மிதிபட்டுக் கிடந்தது.

"ஏன் இவ்வளவு கிட்டக் கிட்ட நடுறியள்? மா வளர்ந்தால் என்ன செய்வியள்?" என்று ஒரு தமிழ்க் கூலியாளைக் கேட்டேன்.

"வளர்ந்தா தானே சார்" என்றார் அவர்.

அவர் கன்றை எடுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் கவரோடு அப்படியே குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினார். எனக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடமாகக் கன்று நடச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். குனிந்து இன்னொரு கன்றை எடுத்து, கவரைக் கிழித்தால்தான் வேர் மண்ணில் இறங்கும் என்று காட்டப் போனேன். அவர் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"கிழிக்காதீங்க சார். வெள்ளிக்கெழம இதப் புடுங்கி கௌடரோட அண்ணன் நெலத்துல வெக்கணும்."

"எதை?"

"இதையேதான். வியாழக்கெழம இங்க எண்ணுவாங்க, சனிக்கெழம அங்க எண்ணுவாங்க."

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். அவர் வரப்பில் குந்திவிட்டார். பிறகு அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பக்கத்து நிலங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது. நிலத்துக்கு ஒரு விலை, அதில் நிற்கிற மரத்துக்குத் தனி விலை, பழ மரம் என்றால் இன்னும் கூட. அதை எண்ண வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். மேடத்தின் வரைபடத்தில் ஊசிகள் முட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் இதுதான். "ஏதோ கேள்விப்பட்டேன் சார். ஆனா இவ்ளோன்னு தெரியாது" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

அப்போதுதான் செல்வி வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை இப்போது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. படத்தில் பார்த்தவளைவிட மெலிந்திருந்தாள். நான் யாரென்று ஸ்டீபன் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கட படம் எங்கட ஒபிசில இருக்குது, பிள்ளை. உங்களைப் பாக்கத்தான் வந்தனான்" என்றேன்.

"அப்படியா சார்" என்றாள். சந்தோஷப்பட அவளுக்கு நேரமில்லை. "சார், நீங்க சொன்னா கௌடரு கேப்பாரு. இன்னும் இருவது நாளு உட்டா போதும், கதிரு முத்திடும். அறுத்துக்கினு நானே போயிடறேன். வருஷத்துக்கும் எங்களுக்கு இதான் சார். இது இருந்தா மாரி சம்பளத்துல மத்தது பாத்துக்குவோம். இப்ப பாலா கெடக்குது, மாட்டுக்குத்தான் போடலாம்."

குடிசையையும் நாளைக்குள் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறார் கௌடர். எண்ண வருகிறவர்கள் அங்கே ஒரு குடும்பம் குடியிருந்து உழுவதைப் பார்த்தால், நாளைக்கு அவளும் பங்கு கேட்பாள் என்று கௌடரை அவருடைய வக்கீல் பயமுறுத்தியிருக்கிறார். "எனக்குப் பங்கெல்லாம் வேணாம் சார். ராகி மட்டும் அறுத்துக்கறேன்" என்றாள் செல்வி. இரண்டு தடவை சொன்னாள்.

புதன்கிழமை காலையிலேயே ஸ்டீபனை இழுத்துக்கொண்டு கௌடர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை, என் செருப்பில் ஒன்று ஏறும்போதே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு ஒரு மனிதரிடம் நியாயம் கேட்கப் போவது சங்கடமான காரியம். கௌடர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தன் பழைய செருப்பை எடுத்துவந்து என் காலடியில் போட்டார். அதை மாட்டிக்கொண்டு அவரிடமே சண்டை பிடிக்க வேண்டியதாயிற்று.

வரப்பில் மட்டும் கன்று வையுங்கள், ராகியை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். கௌடர் குரலை உயர்த்தவில்லை. ஸ்டீபன் தமிழாக்கிச் சொன்னது இதுதான்: "என் அப்பா உழுத நிலம். நான் விற்கவில்லை, எடுக்கிறார்கள். அவர்கள் வைத்ததுதான் விலை. பக்கத்து நிலத்துக்காரன் நிலம் முழுக்கக் கன்று நட்டுவிட்டான், நான் வரப்பில் வைத்துவிட்டு ராகியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? எனக்கும் இரண்டு மகன்கள். நாளைக்கு அவர்கள் உழ நிலம் இருக்காது."

எங்கள் ஊர் நிலையைச் சொன்னேன். காணி உறுதிப் பத்திரம் எரிந்துபோனவர்கள் திரும்பி வந்து, இந்த மாவை நான் வைத்தேன், இந்தப் பலாவை என் தகப்பன் வைத்தார் என்று மரத்தைக் காட்டித்தான் நிலத்தை மீட்கிறார்கள். நட்டவருக்குத்தான் மரம் சாட்சி சொல்லும் என்றேன். கௌடர் தலையாட்டிக் கேட்டார். "இங்கே காகிதம் எரியவில்லையே" என்றார். பிறகு எனக்குக் காபி வரவழைத்தார். அவரை வெறுத்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் அந்த மனிதர் இடம் கொடுக்கவில்லை.

கடைசி முயற்சியாக ஹெப்பகோடியில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடத்தைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, கன்றுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள், இவை வளர வைத்தவை அல்ல, எண்ண வைத்தவை என்றேன்.

"சார், அந்தக் கன்னெல்லாம் என்ட்ரி போட்டாச்சு. ரிட்டர்ன் எடுத்தா நான் மேல என்ன சொல்றது? எத்தனை பொழைச்சுதுன்னு அடுத்த வருஷம் பார்ப்பாங்க, அப்ப பார்த்துக்கலாம். நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தானே நாம குடுக்க முடியும்?" குரலில் களைப்புத் தெரிந்தது. "நீங்க கெஸ்ட். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

நாங்கள் திரும்பி வயலுக்குப் போனபோது செல்வியும் மாரியும் குடிசையின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாரி இரவு வேலை முடித்து வந்தவன், நீலச் சட்டையைக் கழற்றவில்லை. தகரத்தை ஒரு பக்கம் அவன் பிடிக்க மறுபக்கம் நான் பிடித்தேன். என்ன ஆயிற்று என்று செல்வி கேட்கவில்லை. எங்கள் முகத்திலேயே பார்த்துக்கொண்டாள். பானைகள், படுக்கை, தகரம், ஒரு மரப் பெட்டி என்று எல்லாவற்றையும் முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம். பப்பாசி குடிசையோடு ஒட்டி நின்றதால் அதையும் வெட்டிப் போட்டார்கள். ஆள் இருந்த அடையாளம் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். காய்கள் பிஞ்சு. அம்மு ஒன்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவு பிலோமினா வைத்த மீன்குழம்பு எனக்கு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா அண்ணா என்று கேட்டார். சரிதான் என்றேன்.

வியாழக்கிழமை எண்ணுகிறவர்கள் வந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ஒல்லியானவர், தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். கூட ஒரு உதவியாள், அவன் கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் தூரிகையும். வயல் முழுக்க மாங்கன்றுகளும் சப்போட்டாக் கன்றுகளும் வாடிய தலையோடு வரிசையாக நின்றன. ராகியில் மிச்சம் இருந்ததை முந்தின மாலையே மாடு வைத்திருப்பவர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதிகாரி முதல் வரிசையில் குனிந்து, ஒரு கன்றை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். கவரோடு மேலே வந்தது. அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். கன்னடத்தில் அவர் சொன்னதை ஸ்டீபன் என் காதில் சொன்னார்: "நேற்றைய ஊருக்கு இது பரவாயில்லை. அங்கே வெறும் கிளையை ஒடித்துக் குத்தி வைத்திருந்தார்கள்." இன்னும் ஓரிரண்டு கன்றுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். இவை மரமல்ல, கன்று, கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். கௌடர் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, யாரையுமே பார்க்கவில்லை.

ராகி போனது இதற்காகத்தான். என் வாழ்நாளில் இப்படி ஒரு வெறுமையை நான் அனுபவித்ததில்லை. சண்டையில் பயிர் எரிந்து பார்த்திருக்கிறேன், அதற்காவது திட்ட ஓர் ஆள் இருந்தான். இங்கே எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் மரம் நட்டவர்கள், கன்று கொண்டுவந்த வண்டியில் நானும் உட்கார்ந்து வந்தேன்.

அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு முருங்கையிடம் போனார். அடிமரத்தைக் கையால் அணைத்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது போலும்.

"இந்த மரம் யாருடையது?" என்று கேட்டார்.

"நிலம் என்னுடையது" என்றார் கௌடர்.

செல்வி அங்கேதான் மூட்டைகளின் பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உதவியாள் பட்டையைக் கையால் துடைத்துவிட்டு, வெள்ளைப் பெயின்டில் ஒன்று என்று பெரிதாக எழுதினான். அந்த வயலில் கணக்கில் வந்த ஒரே மரம் அது.

அவர்கள் திரும்ப நடக்கும்போது செல்வி, வழக்கம்போல, தாழ்ந்திருந்த ஒரு கொத்தை வளைத்தாள். சாயங்காலத்துக்குக் கீரை வேண்டுமே என்று கை தானாகப் போயிருக்க வேண்டும். உதவியாள் சட்டென்று திரும்பி, "ஏய், எண் போட்டாச்சு. இனிமேல் கை வைக்கக் கூடாது" என்று கன்னடத்தில் அதட்டினான். செல்வி கொத்தை விட்டுவிட்டாள். அது மேலே போய் ஆடிக்கொண்டு நின்றது.

கௌடருக்கு மனசு கேட்கவில்லை. ஆளை அனுப்பி வீட்டிலிருந்து ஒரு சாக்கு ராகி எடுத்துவரச் செய்து செல்வியின் மூட்டைகளோடு வைத்தார். போன வருடம் அவள் விளைவித்து, பாதி வாரமாகக் கொடுத்த ராகிதான் அது. அவள் அவரைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சாக்கை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

கன்று கொண்டுவந்த டெம்போ இன்னொரு நடை வந்திருந்தது. சும்மா திரும்புகிற வண்டிதானே என்று ஸ்டீபன் ஓட்டுநரிடம் பேசி, செல்வி வீட்டுச் சாமான்களை அதில் ஏற்றினார். ஈஜிபுராவில் செல்வியின் தங்கை குடியிருக்கிறாள், அதே வரிசையில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். மாரி வேலைக்குப் போய்விட்டான். செல்வியும் அம்முவும் நாங்களும் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். வண்டியின் பக்கவாட்டில் நிறுவனம் கட்டிய துணித் தட்டி காற்றில் படபடத்தது. அதில் முருங்கை மரத்தடியில் செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாகச் சுவரில் இருக்கிற படத்தைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் பணிப்பாளரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"மறுபடி எங்கயாவது நெலம் கெடைக்குமா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"எங்க சார் கெடைக்கும்? எல்லாத்துக்கும் எண் போட்டுக்கினு வர்றாங்க" என்றாள். "வூட்டு வேலைக்கு ஆள் கேக்கறாங்களாம், தங்கச்சி சொல்லிச்சு. போலாம்னு இருக்கேன்."

ஈஜிபுராவில் சந்து ஒடுங்கி வண்டி உள்ளே போகவில்லை. சாமான்களைக் கையில் சுமந்தோம். ஒரு கதவு, ஒரு சன்னல், வாசலில் சிமெண்ட். அடுத்த வீட்டு வாசலும் அடுத்ததும் அப்படியே. ஊன்றி வைக்க ஒரு பிடி மண் எங்கும் இல்லை. தங்கை ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அதில் கட்டுக்கட்டாக முருங்கைக் கீரை. அம்மு சித்தியின் தோளிலிருந்து கையை நீட்டினாள். "அம்மா, நம்ம மரம்!"

செல்வி வண்டிக்காரனிடம் விலை கேட்டாள். கேட்டுவிட்டு, ராகிச் சாக்கை இழுக்கத் திரும்பிவிட்டாள்.

நான் ஒரு கட்டு வாங்கி அவளிடம் நீட்டினேன். அவளுடைய கண் ஒரு நிமிடம் கீரையில் நின்றது. வாங்கவில்லை.

"வேணாம் சார். வெச்சுக்கங்க" என்றாள். "இன்னிக்கு ஆக்கிப் போட்டா கொழந்த நாளைக்கும் கேக்கும். தெனம் எங்க போறது? மறந்துரட்டும்."

கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரேசர் டவுன் வரைக்கும் வந்தேன். பிலோமினா கட்டை வாங்கிப் பிரித்து, இலையை உருவியபடியே, "நல்லா இளசா இருக்கு அண்ணா, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். அவர் பருப்புப் போட்டுச் சமைத்தார். தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன்.